ஏழாம் நம்பர் கை

சத்தியம், தம்பி. முதலிலேயே சத்தியம் பண்ணிவிடுகிறேன். பிறகு நடுநடுவே நிறுத்தி, நிஜமா நிஜமா என்று கேட்கக் கூடாது. என் மடியில் இருக்கிற இந்தத் தகரப் பெட்டியில் பன்னிரண்டு டஜன் கண்ணாடி வளையல் இருக்கிறது. நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் அத்தனையும் இந்த பஸ்ஸிலேயே நொறுங்கிப் போகட்டும்.

அது வேகத்தடை. நொறுங்கின சத்தம் இல்லை, உரசின சத்தம். ஐம்பத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா.

என் பெயர் பங்காருசாமி. ராஜபாளையத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. வளையக்காரத் தாத்தா என்றால் தெரியும். கடை கிடையாது, வீடு வீடாகப் போகிற வியாபாரம். இப்போது பெண்பிள்ளைகள் பிளாஸ்டிக்கையும் மெட்டலையும் கடையில் வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள், மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் கண்ணாடி வேண்டும், கைக்கு ஒட்டினாற்போல் வேண்டும் என்றால் நான்தான் வரவேண்டும். ரெண்டு ஆறு சைஸ் கைக்கு அதைவிடச் சின்ன ரெண்டு நாலு வளையலை ஏற்றிவிடுவேன். ஒன்றுகூட உடையாது, ஒரு துளி ரத்தம் வராது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, நாலு விரலையும் ஒரு மொட்டு மாதிரி சேர்த்து, விரலிடுக்கெல்லாம் நீவி நீவி விட்டு, எலும்பு தானாக இளகுகிறவரைக்கும் பொறுமையாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் கை விறைத்துக்கொள்ளும், அதனால் கதை சொல்வேன். கை என்னிடம் இருக்கிறவரைக்கும் காது எங்கே போய்விடும்?

ஜீப்பில் போய்க்கொண்டிருந்த ஒரு கலெக்டரம்மாவுக்கு, ஜீப் நிற்காமலே, பக்கத்தில் ஓடிக்கொண்டே ஒரு டஜன் போட்டுவிட்டிருக்கிறேன். சங்கரன்கோவில் ரோட்டில். சிரிக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெண்களும் இந்தக் கதைக்குச் சிரிப்பார்கள். சிரிக்கிறபோதுதான் வளையல் உள்ளே போகும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சங்கடம், விரலிடுக்கு அரிப்பு. கண்ணாடித் தூள் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லா வளையல்காரனுக்கும் உண்டு. என் அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது. எனக்குப் பெண் கொடுக்க வந்த மாமனார் ஜாதகம் பார்க்கவில்லை, விரலை விரித்துப் பார்த்தார். இடுக்கில் சிவப்பாகச் சொறிந்த தடம் இருந்தது. 'தொழில் தெரிஞ்ச பையன்' என்று அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார். எங்களுக்குள் அது ஒரு முத்திரை மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம் திருமலையப்பன் மகளுக்கு வளைகாப்பு. திருமலையப்பன் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், ஆனால் நாய்ப் பைத்தியம். எங்கள் ஊர் வெள்ளை ஜாதி நாய் ஒன்று வைத்திருக்கிறார், அதற்கு ஜட்ஜ் என்று பெயர். என்ன வழக்கு நடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் என்பதால் அந்தப் பெயர். மகள் பூங்கோதை. அவளைச் சத்திரப்பட்டியில் கொடுத்திருந்தது. அது பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். மாமியார் ரெங்கநாயகிக்குச் சொந்தத்தில் பத்துத் தறி. அந்த அம்மாள் நின்றால் தறி நிற்கும், உட்கார்ந்தால் ஓடும். மாப்பிள்ளை அம்மா போட்ட கோட்டைத் தாண்டாத பிள்ளை.

வளைகாப்பில் அறுபத்து மூன்று பெண்கள். முதலில் பூங்கோதைக்கு, பிறகு ரெங்கநாயகியம்மாளுக்கு, பிறகு வரிசையாக எல்லோருக்கும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். இடையில் ஒரு வாய் எலுமிச்சை சாதம். ஆறு மணி நேரத்தில் எத்தனை கை, எத்தனை கதை! கலெக்டரம்மா கதையை மட்டும் நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு இரண்டே இரண்டு வளையல்தான் உடைந்தது.

மாசி மாதம் அரிப்பு ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து, தம்பி, அதைக் கவனியுங்கள். வளைகாப்புக்கு மறுநாளே அரித்திருந்தால் பேச்சு வேறு. ஒரு மாதம் கழித்து ஒரே வாரத்தில் இந்த ஊரிலும் அரிப்பு, சத்திரப்பட்டியிலும் அரிப்பு. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், சொல்லக் கூடாத இடம், எல்லா இடத்திலும். மத்தியானம் கொஞ்சம் அடங்கும், படுத்தால் பிடித்துக்கொள்ளும். தெருவில் நின்று பேசுகிறவர்கள் எல்லாம் வீணை வாசிக்கிற மாதிரி நிற்பார்கள்.

ரெங்கநாயகியம்மாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து நேராக சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். பூங்கோதையின் வளையல் ஒன்று கீறியிருந்தது, மாற்றிவிடப் போயிருந்தேன். அம்மாள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். எல்லாம் தடித்துத் தடித்து இருந்தது. உங்கள் வீட்டில் தின்ற சாப்பாடா, உங்கள் வீட்டுப் பாயா, என்னத்தைக் கொடுத்து அனுப்பினீர்கள் என்று கேட்டாள். அவளோடு வந்த நாத்தனார் ஒருத்தி, ஒல்லிப்பிச்சான், தன் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே, வளையல் போட்ட இடத்தில்தானே முதலில் அரித்தது என்றாள்.

ஒரு வளையல்காரனைப் பற்றி அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? அதற்கப்புறம் யார் கையை நீட்டுவாள்? நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. யார் மேலும் பழி போடுகிற ஆள் இல்லை நான். "அன்னிக்குப் பந்தலுக்குள்ள அந்த நாய் படுத்துக்கிட்டு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, யாரும் பார்க்கலையா தாயி?" என்று மட்டும் கேட்டேன். பார்த்ததைத்தானே சொன்னேன்? அது சொறிந்தது உண்மை. அதற்குச் சொறி இருந்ததும் உண்மை, வாலடியில் முடி கொட்டி ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது.

அவ்வளவுதான். ஒல்லிப்பிச்சான் என்னை மறந்துவிட்டாள். ஐந்து பெண்களும் ஜட்ஜைப் பார்த்தார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

ரெங்கநாயகியம்மாள் அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். "அந்தச் சொறி நாய் உசிரோட இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் என் மருமக என் வாசலை மிதிக்க வேண்டாம். பொறக்கப்போற பிள்ளை முகத்தையும் நான் பார்க்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அந்த அம்மாள். பத்துத் தறிக்காரி.

திருமலையப்பன் முதலில் முறுக்கிக்கொண்டு நின்றார். ஆனால் வீட்டில் பெண்டாட்டி அழுகிறாள், தெருவே வந்து புத்தி சொல்கிறது, ஏழு மாதக் கர்ப்பிணி மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து கையைச் சொறிகிறாள். கடைசியில் ஒரு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போகும்போது அது ஆட்டோவில் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே போனது. என்னைப் பார்த்து வாலையும் ஆட்டியது. மரண தண்டனைக்குப் போகிற ஜட்ஜு, சாட்சி சொன்னவனைப் பார்த்து வாலாட்டுகிறான். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அன்றைக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே இருந்த டாக்டர், சொறிக்கெல்லாம் நாயைக் கொல்வார்களா, மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று திட்டியிருக்கிறார். திருமலையப்பன் சம்பந்தி கதையைச் சொல்லி அழுதிருக்கிறார். நல்லவேளையாக அந்த டாக்டரோடு படித்த ஒரு பெண், செல்வக்கனி என்று பெயர், இதே பூச்சியை வைத்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். நாயிடம் இருக்கிற சிரங்குப் பூச்சியும் மனுஷனிடம் இருக்கிற சிரங்குப் பூச்சியும் ஒன்றா, வேறா, எது எதன் சொந்தக்காரன் என்று மரபணுவைப் படித்துப் பிரிக்கிற வேலை. அவள் ஃபோனில் திருமலையப்பனிடம் பேசினாள். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், உங்கள் நாய்தான் கொடுத்ததா என்று நான் சொல்கிறேன் என்றாள். ரெங்கநாயகியம்மாளும் சரி என்றாள். நாய்தான் என்று எழுத்திலேயே வாங்கிவிடலாம் என்று அவளுக்கு எண்ணம்.

செல்வக்கனி வந்தாள். முப்பது வயசு இருக்கும், சாயர்புரம் பக்கம். பச்சைப் பை, மூக்குக்கண்ணாடி. சிரிப்பு மட்டும் ரேஷன். திருமலையப்பன் வீட்டு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்தாள். இரண்டு ஊர்ச் சனமும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அறுபது பெண்கள் கை நீட்டுகிறார்கள், நான் பிடிக்கவில்லை, வேறொருத்தி பிடிக்கிறாள்! எனக்குப் பொறுக்குமா? வரிசையில் புகுந்து ஏழாவது ஆளாக உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு என்ன தாத்தா, அரிக்கிறதா என்று கேட்டாள். இது கண்ணாடி அரிப்பம்மா, தொழில் அரிப்பு, இருந்தாலும் பாருங்கள், நம்முடையது கொஞ்சம் உயர்ந்த ரகமாக இருக்கும் என்றேன்.

அவள் என் விரலிடுக்கில் பேனா மையைத் தடவினாள். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். மேலே இருந்த மை போய்விட்டது, தோலுக்குள் மட்டும் கோடு கோடாக நின்றது. சின்னச் சின்னச் சுரங்கம். அதற்குள் பூச்சி குடியிருக்கிறதாம், குடியேறி ஒரு மாதம் கழித்துத்தான் அரிப்பே தெரியுமாம். மற்றவர்களுக்கு ஒரு கோடு, இரண்டு கோடு. எனக்கு, தம்பி, தாமிரபரணியும் அதன் வாய்க்காலும் மாதிரி இருந்தது.

ஊசி முனையால் கிள்ளி எடுத்தாள். ஒரு ஆள் மேல் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்குமாம், அதனால் மற்றவர்களிடம் ஒன்று கிடைக்கவே அரைமணி நேரம் தேடினாள். என்னிடம் ஒரே மூச்சில் ஐந்து எடுத்துவிட்டாள். பூதக்கண்ணாடிக் குழலில் எனக்கும் காட்டினாள். ஆமை மாதிரி உருண்டையாக, குட்டைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. கண்ணாடித் தூளுக்குக் கால் முளைத்திருக்கிறதே என்றேன். அவள் சிரிக்கவில்லை. குப்பியில் போட்டு ஏழு என்று எழுதி ஒட்டினாள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். நாய் முதுகிலும் சுரண்டி எடுத்தாள்.

எல்லோருக்கும் களிம்பு கொடுத்தாள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவி, ஒரு ராத்திரி வைத்திருந்து குளிக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும், துணியையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். நானும் தடவினேன். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டேன். வழவழ என்று களிம்பைப் பூசிக்கொண்டு வளையல் பெட்டியைத் தொட முடியுமா? கை தொழில் பண்ணுகிற இடம், தம்பி.

ஊருக்கெல்லாம் அரிப்பு போய்விட்டது. ஜட்ஜுக்கும் மருந்து போட்டு முடி முளைத்துவிட்டது. ஆனால் வீம்பு போகவில்லை. சித்திரையில் பூங்கோதைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சத்திரப்பட்டியிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, அம்மா ஃபோன் பண்ணினதும் திரும்பிப் போய்விட்டான். பெயர் வைக்கவில்லை. பேரை அப்பாவைப் பெற்றவள்தான் காதில் சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கம். நாற்பது நாள் அந்தக் குழந்தையைப் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

வைகாசியில் செல்வக்கனி பேப்பரோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு குடும்பத்தையும் கூட்டியிருந்தது. அவள் எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டாள். நான் டீக்கடையில் இருந்தேன். நேராக என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று சத்தமாக இரண்டு டீ சொன்னேன்.

"தாத்தா, நாய்கிட்ட எடுத்ததும் மனுஷங்ககிட்ட எடுத்ததும் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கு. மரபணுவைப் படிச்சா ரெண்டும் வேற வேற வம்சம்."

"சாதி வேறயா?"

"அப்படியே வச்சுக்கங்க."

"கொடுக்கல் வாங்கல், சம்பந்தம்?"

"கிடையாது. நாய்ப் பூச்சி ஆள் மேல ஏறினா ரெண்டு மூணு நாள் கடிச்சுப் பார்க்கும். அப்புறம் செத்துப்போகும். குடும்பம் நடத்தாது."

எங்கள் தெருவில் மூன்று பேர் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறது, இந்தப் பூச்சிகள் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கின்றன பாரம்மா என்றேன். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மரம் மாதிரி ஒரு படம். கிளை, கிளைக்குக் கிளை, நுனியெல்லாம் நம்பர். நாய்கள் தனி மரமாகத் தள்ளி நின்றன. மனுஷப் பூச்சியெல்லாம் இன்னொரு பக்கம்.

வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோருடைய பூச்சியும் ஒரே கிளை, நெருங்கின பங்காளிகள் என்றாள். அதோடு விடவில்லை. தை கடைசியில் ஒரு மில் பெண்கள் ஹாஸ்டலிலும் இதே அரிப்பு வந்திருக்கிறது, அங்கேயும் போய் எடுத்திருந்தாள். அந்தப் பிள்ளைகளுடையது பக்கத்துக் கிளை. ஹாஸ்டல் பிள்ளைகள் ஒருவரும் வளைகாப்புக்கு வரவில்லை, வளைகாப்புக்காரர்கள் ஒருவரும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இரண்டு கிளைப் பூச்சியும் இருக்கிறது. அந்த நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

"இந்த ஏழாம் நம்பர் பெரிய கையா இருக்கணுமே" என்றேன்.

"ஏழாவதா வரிசையில பூந்து உட்கார்ந்தது யாரு, தாத்தா? பொங்கலுக்கு ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு வளையல் போட்டது யாரு?"

நான் டீயைக் கீழே வைத்தேன்.

உங்களிடம் மறைப்பானேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. என் பெண்டாட்டி போய்ப் பதினோரு வருஷம். எனக்கென்று ஒரு வம்சம் இருக்கிறது, அது கிளைவிட்டு, சத்திரப்பட்டி வரைக்கும் போய், படம் போட்டுக் காட்டுகிற அளவுக்குத் தழைத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? அந்தத் தாளை ஒரு பிரதி தரமுடியுமா என்றுகூடக் கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இது வெளியே தெரிந்தால் இந்த ஜில்லாவில் ஒருத்தி எனக்குக் கை நீட்டுவாளா?

அவளுக்கு என் முகம் புரிந்துவிட்டது. "நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன், தாத்தா. அது எங்க விதி. நாய் இல்லேன்னு மட்டும்தான் சொல்வேன். மத்தது உங்க இஷ்டம்." பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி விரலிடுக்கைப் பார்த்தாள். கையில் களிம்பு தடவவே இல்லையா என்று ஒரு திட்டு திட்டினாள் பாருங்கள், டீக்கடைக்காரன் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தான்.

பத்து மணிக்குத் திருமலையப்பன் வீட்டில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ரெங்கநாயகியம்மாள் மகனோடும் ஒல்லிப்பிச்சானோடும் வந்திருந்தாள். குழந்தை இருந்த பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினால் தோற்றுவிடுவோம் என்று பயம். செல்வக்கனி எழுந்து, நாய் இல்லை என்று சொன்னாள். ஏன் இல்லை என்றும் பொறுமையாக விளக்கினாள். திருமலையப்பன் தரையில் உட்கார்ந்து ஜட்ஜைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

ஆனால் ரெங்கநாயகியம்மாள் எழுந்திருக்கவில்லை. நாய் இல்லை என்றால் மனுஷன்தானே, அந்த மனுஷன் யார் என்று கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றாள் செல்வக்கனி. ஒல்லிப்பிச்சான் கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்துவிட்டாள். ஏழாம் நம்பருக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறதே அண்ணி என்றாள். அம்மாள் யோசித்தாள். வளைகாப்பில் முதலில் கை நீட்டினது யார்? அந்தப் பாயில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தது யார்? யாரிடமிருந்து ஆரம்பித்திருக்கும்? கேள்விக்கு மேல் கேள்வியாகப் போட்டுக்கொண்டே வந்து, மருமகளைப் பார்த்து நிறுத்தினாள். மூன்று மாதம் முன்னால் ஒரு நாய் நின்ற இடத்தில் இப்போது அந்தப் பெண் நின்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூங்கோதை அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மாமியார் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான்னே வச்சுக்கங்க அத்தை. ஒரே ஒரு தடவை இவளைக் கையில வாங்கிட்டு அப்புறம் சொல்லுங்க."

அந்த அம்மாளின் கை அசைந்தது. அசைந்ததைப் பார்த்தேன். பிறகு முந்தானைக்குள் போய்விட்டது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எழுந்துவிட்டேன். "தாயி, ஏழாம் நம்பர் நான். என் கைதான். மார்கழியில ஹாஸ்டல்ல போட்டுவிட்டேன், தையில உங்க அறுபத்து மூணு பேருக்கும் போட்டுவிட்டேன். எல்லாருக்கும் கொடுத்தது நான்தான். இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் கலப்படம் இல்லாமல் நான் பேசின உண்மை அது ஒன்றுதான். நாயைக் காட்டிக்கொடுத்ததைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். ஒரே நாளில் ஒரு மனுஷன் எவ்வளவுதான் உண்மை சொல்வான்?

நான் அடி விழும் என்று நினைத்தேன். திருமலையப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மறுபடியும் தண்ணீர். "ஏன் தாத்தா, உங்களுக்கு எதுக்கு இந்தப் பழி?" என்றார். ஒல்லிப்பிச்சான் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கலெக்டரம்மாவுக்கு ஓடுகிற ஜீப்பில் வளையல் போட்டேன் என்று சொன்ன மனுஷன் அல்லவா இவர், இவர் சொல்வதையும் நம்புவார்களா என்று யாரோ பின்னால் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜம்தான், சத்தியம், வேண்டுமானால் டாக்டரம்மாவைக் கேளுங்கள் என்று கத்தினேன். எல்லோரும் செல்வக்கனியைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்த நம்பர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. பாவம், கிழவர் மனசு நோகக் கூடாது என்று டாக்டர் மழுப்புகிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ரெங்கநாயகியம்மாள் எழுந்தாள். எனக்குக் கும்பிடு போட்டாள், தம்பி. பத்துத் தறிக்காரி. "சொந்தமும் இல்லே, பந்தமும் இல்லே. எங்க வீட்டுப் பிள்ளைக்காக இந்த வயசுல தன் மேல இழுத்துப் போட்டுக்கிறாரு. எனக்குத்தான் வெட்கம் இல்லாமப் போச்சு." சொல்லிவிட்டு மருமகள் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்குகிற மாதிரி வாங்கினாள். வாங்கினவள் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கால்மணி நேரம் எடுக்கவில்லை. அங்கேயே காதில் பெயர் சொன்னாள். அலர்மேல்மங்கை. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தலை நிமிர்ந்தது.

எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அதோடு விட்டார்களா? அந்தச் சந்தோஷத்தில் அம்மாள் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, இன்றைக்கு எனக்கு உங்கள் கையால் ஒரு டஜன் போட்டுவிடுங்கள் வளையக்காரரே என்றாள். அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். நானும் துண்டை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன், பழக்க தோஷம். செல்வக்கனி பாய்ந்து வந்து மூடினாள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, பதினைந்து நாளைக்கு அவர் ஒரு கையையும் தொடக் கூடாது, பூரண ஓய்வு என்றாள். பாருங்கள், பெரியவர்களிடம் அந்தப் பெண்ணுக்கு என்ன மரியாதை என்று ஊரே மெச்சியது. அன்றைக்கு என் வீட்டுக்கே வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் நானே களிம்பு தடவுகிறவரைக்கும் நகரவில்லை. மறுவாரமும் வந்தாள்.

இப்போது சுத்தமாகப் போய்விட்டது. அவளே மை தடவிப் பார்த்துச் சொன்னாள். இப்போது இருக்கிறது வெறும் கண்ணாடி அரிப்பு. அது தொழில் அரிப்பு, அது போகாது, அது பரவவும் செய்யாது. ஏன் தம்பி நகர்ந்து உட்காருகிறீர்கள், ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குமே?

போகட்டும். நீங்கள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வியாபாரத்துக்காகக் கேட்கவில்லை, அதைப் பழைய கதை ஒன்றைச் சொல்லி நான் சமாளித்துக்கொள்வேன். அந்த ரெங்கநாயகியம்மாள் போகிற இடமெல்லாம், எங்கள் குடும்பத்துக்காக ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய பொய் சொன்னார் என்று கண் கலங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் மருமகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகிறாள். நான் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தால், அந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகும், சொல்லுங்கள்? உங்களைக் கேட்டால், பஸ்ஸில் யாரோ ஒரு கிழவன் உளறினான் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள்.